அது சிரிக்கவில்லை, பெற்றோர்களே!



கடந்த சில ஆண்டுகளாக ஒரே கேள்வி என்னிடம் திரும்பத் திரும்ப வந்துகொண்டிருக்கிறது. "ஐயா, பிள்ளை வளர்க்கும் ஆக்சலோட்டல் இரை எடுக்க மாட்டேன் என்கிறது. செவுளில் வெள்ளையாகப் பஞ்சுபோல் ஏதோ ஒட்டியிருக்கிறது. என்ன மருந்து ஊற்றலாம்?"

இதைக் கேட்பவர்களிடம் நான் மருந்தின் பெயரைச் சொல்வதில்லை. "தொட்டி நீரின் வெப்பநிலை எவ்வளவு?" என்று திருப்பிக் கேட்கிறேன். பெரும்பாலும் மறுமுனையில் அமைதி. வீட்டில் வெப்பமானியே இல்லை என்பதுதான் அந்த அமைதியின் பொருள். தொட்டி இருக்கிறது, வண்ண விளக்கு இருக்கிறது, பிளாஸ்டிக் கோட்டை இருக்கிறது, இணையத்தில் வாங்கிய மருந்துப் புட்டி மூன்று இருக்கிறது. சில ரிங்கிட்டுக்குக் கிடைக்கும் வெப்பமானி மட்டும் இல்லை!

இந்தப் பதிவு சிலருக்குக் கசக்கும். இருப்பினும் சொல்லியே ஆக வேண்டும். நீரை இரவும் பகலும் குளிர்ச்சியாக வைத்திருக்க இயலாதவர்கள் இந்த உயிரை வாங்கவே கூடாது. ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள், அதன் நோயை மருந்துப் புட்டியில் தேடாமல் நீரில் தேட வேண்டும். இவ்விரண்டும்தாம் நான் சொல்ல வருபவை. ஏன் என்பதைப் பார்ப்போம்.

எங்கிருந்து வந்த உயிர் இது?

ஆக்சலோட்டல் மீன் அன்று. தவளையைப்போல் நீர்நில வாழ்வன வகையைச் சேர்ந்த ஒரு சாலமாண்டர். மற்றச் சாலமாண்டர்களுள் பெரும்பாலானவை வளர்ந்ததும் செவுளை இழந்து கரையேறும். இது வாழ்நாள் முழுவதும் குஞ்சுப் பருவத்துச் செவுள்களுடன் நீரிலேயே இருக்கும்; அந்த நிலையிலேயே இனப்பெருக்கமும் செய்யும். முழு வளர்ச்சியடைந்தால் 23 முதல் 30 செண்டிமீட்டர் நீளம் வரும். நன்கு பராமரித்தால் 10 முதல் 15 ஆண்டுகள் வாழும். முதலாம் ஆண்டு மாணவனுக்கு வாங்கித் தந்தால், அவன் பல்கலைக்கழகம் போகும்வரை அஃது உயிரோடு இருக்க வேண்டும். எத்தனை வீடுகளில் அப்படி இருக்கிறது?

இதன் தாயகம் மெக்சிகோ நகரத்தின் ஏரிகள். சால்க்கோ ஏரி வற்றவைக்கப்பட்டுவிட்டது. இன்று எஞ்சியிருப்பவை சொச்சிமில்கோவின் கால்வாய்கள் மட்டுமே. அவை கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் உள்ளன. நம் தீபகற்பத்தின் மிக உயர்ந்த சிகரமான தாகான் மலையே 2,187 மீட்டர்தான்! தாகான் உச்சியைவிட உயரமான இடத்தில், 20 பாகை செல்சியசுக்கு மேல் அரிதாகவே சூடாகும் நீரில் உருவான உயிரைக் கொண்டுவந்து, கிள்ளானிலும் ஈப்போவிலும் சுங்கைப் பட்டாணியிலும் வரவேற்பறையில் வைத்திருக்கிறோம். நம் வீட்டு நீர் 28 பாகை, 30 பாகை. அதற்கு ஏற்ற நீர் 16 முதல் 18 பாகை. இடையிலுள்ள 12 பாகையை எந்த மருந்தாலும் நிரப்ப முடியாது.

வெப்பம் என்ன செய்கிறது?

"கொஞ்சம் சூடாக இருந்தால் என்ன? பழகிக்கொள்ளும்" என்பார்கள். பழகாது. காரணம் எளிய அறிவியல்தான். நம் மாணவர்களுக்கே விளக்கலாம்.

முதலாவது, நீர் சூடாகச் சூடாக அதில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் குறையும். 18 பாகையில் ஒரு லிட்டர் நீரில் ஏறத்தாழ 9.5 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். 30 பாகையில் அது 7.5 மில்லிகிராமாகச் சரிகிறது. இரண்டாவது, வெளிச்சூட்டுக்கு ஏற்ப உடற்சூடு மாறும் உயிர் என்பதால், சூட்டில் அதன் உடலியக்கம் விரைவுபடும். முன்னைவிடக் கூடுதல் ஆக்சிஜன் கேட்கும். தேவை ஏறுகிறது, வரவு இறங்குகிறது. மூன்றாவது, மிஞ்சிய இரையும் கழிவும் வெந்நீரில் விரைந்து அழுகும். அதிலிருந்து வரும் அமோனியாவில் நச்சுத்தன்மை மிக்க பகுதியின் விகிதமும் வெப்பத்தோடு உயரும். நான்காவது, கிருமிகளுக்குக் கொண்டாட்டம். உயிரின் எதிர்ப்பாற்றலுக்கோ வீழ்ச்சி.

ஆகவே, பூஞ்சணம் வந்தது, புண் வந்தது, பசி போனது என்று தனித்தனியாகப் பெயர் சொல்கிறோமே, அவற்றுள் பெரும்பாலானவை தனித்தனி நோய்கள் அல்ல. ஒரே நோயின் பல முகங்கள். அந்த நோய் தொட்டியில் இருக்கிறது.

அறிகுறிகளைப் படிக்கக் கற்போம்

இந்த உயிர் கத்தாது, முனகாது. அதன் மொழி உடல்மொழி மட்டுமே. வளர்ப்போர் அறிந்திருக்க வேண்டியவற்றைக் கீழே தருகிறேன்.

1. செவுள்கள் முன்னோக்கி வளைந்து நிற்றல். நீரோட்டம் எதுவும் தள்ளாத நிலையிலும் செவுள் முகத்தை நோக்கி மடிந்திருந்தால், அஃது அழுத்தத்தின் அடையாளம். வெப்பத்தையும் நீரின் தூய்மையையும் உடனே சோதிக்க வேண்டும். ஓயாமல் அடிக்கும் வடிகட்டியின் வேகமும் அதனை வாட்டும்.

2. வால் நுனி கொக்கிபோல் சுருளுதல். இதுவும் அழுத்தமே. பலர் இதனை "அழகாக வாலைச் சுருட்டுகிறது" என்று படம் எடுத்துப் போடுகிறார்கள்.

3. இரையை மறுத்தல். வளர்ந்த ஆக்சலோட்டல் நாள்தோறும் உண்ண வேண்டியதில்லை. இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை போதும். ஆனால் தொடர்ந்து ஒரு வாரம் மறுத்தால் ஏதோ கோளாறு.

4. செவுளிலும் காலிலும் வெண்பஞ்சு. இது பூஞ்சணம். அழுக்கு நீரிலும் காயம்பட்ட தோலிலும் பற்றும்.

5. தோலில் சிவந்த திட்டுகள், செவுள் மயிர்கள் உதிர்ந்து குட்டையாதல். அமோனியா சுட்டிருக்கலாம், அல்லது பாக்டீரியா தொற்றியிருக்கலாம். காத்திருக்கக் கூடாது.

6. மிதத்தல். அவ்வப்போது மேலே வந்து காற்றை விழுங்குவதும் சிறிது நேரம் மிதப்பதும் இயல்பு. கீழே இறங்க முயன்றும் இறங்க முடியாமல் தவிப்பதும், வயிறு உப்பிப் பக்கவாட்டில் சாய்வதும் இயல்பன்று. பொடிக்கல்லை விழுங்கிக் குடல் அடைபட்டிருக்கலாம்.

7. தொட்டியைச் சுற்றி வெறிகொண்டு நீந்துதல், கண்ணாடியில் மோதுதல், வெளியே பாய முயலுதல். நீர் சுடுகிறது அல்லது எரிகிறது என்று பொருள்.

இங்கே ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஓய்வாகக் கிடக்கும்போது செவுளின் சிவப்பு வெளிறுவது நலமான உயிருக்கும் நேரும். அதைக் கண்டு பதற வேண்டாம். ஓர் அறிகுறியை வைத்து முடிவு செய்யாமல், வெப்பநிலை, நீர்ச்சோதனை, உணவு, கழிவு ஆகிய நான்கையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒரு குறிப்பேட்டில் நாள்தோறும் எழுதி வந்தால் மாற்றம் தானே தெரியும். மாணவர்களிடம் உற்றறிதல் என்று வாய் ஓயாமல் சொல்கிறோம் அல்லவா? உற்றறிதல் என்பது இதுதான்.

நோயுற்றால் என்ன செய்வது?

முதல் வேலை, அந்த உயிரைத் தூய நீருக்கு மாற்றுவது. மூடியுள்ள அகன்ற பிளாஸ்டிக் பெட்டி ஒன்றில், குளோரின் நீக்கிய குளிர்ந்த நீரை நிரப்பி அதில் விடலாம். 28 பாகையிலிருந்து 17 பாகைக்கு ஒரே பாய்ச்சலில் மாற்றிவிடாதீர்கள். சில மணி நேரத்தில் படிப்படியாகக் குளிர்விக்க வேண்டும். பெட்டியில் வடிகட்டி இல்லாததால் நாள்தோறும் முழு நீரையும் மாற்ற வேண்டும். கையால் பிடித்துத் தூக்காதீர்கள். தோலும் செவுளும் மிக மென்மையானவை. ஒரு கிண்ணத்தில் நீரோடு அள்ளி மாற்றுவதே நல்லது.

அடுத்த வேலை, தொட்டி நீரைச் சோதிப்பது. அமோனியா 0, நைட்ரைட் 0 இருக்க வேண்டும். நைட்ரேட் 20 பிபிஎம் அளவைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வது நன்று. புதுத் தொட்டியில் அமோனியாவை நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றும் நல்ல பாக்டீரியாக்கள் பெருகுவதற்கு நான்கு முதல் எட்டு வாரங்கள் வரை ஆகும். சனிக்கிழமை தொட்டி வாங்கி, அன்று மாலையே உயிரை அதில் விடுகிறார்களே, அவர்கள் அதனை அதன் கழிவிலேயே ஊறப் போடுகிறார்கள். கடைக்காரர் இதைச் சொல்லவில்லை என்பார்கள். அவர் சொல்லியிருக்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் இரண்டு மாதம் கழித்து வாருங்கள் என்று சொல்லும் வணிகரை நம்பியா நாம் பிள்ளைகளுக்குப் பொறுப்பைக் கற்பிக்கப் போகிறோம்?

பூஞ்சணம் சிறிதளவே இருந்தால் உப்புக் குளியல் உதவும். ஒரு லிட்டர் நீருக்கு இரண்டு தேக்கரண்டி, அயோடின் கலக்காத உப்பு. பத்து நிமிடம் போதும். பதினைந்து நிமிடத்தைத் தாண்டக் கூடாது. நாளுக்கு ஒன்று அல்லது இரண்டு முறை, சில நாள்கள் மட்டும். உப்பைத் தொட்டியிலேயே கொட்டிவிடக் கூடாது. சண்டைமீன் வளர்ப்போர் பயன்படுத்தும் கெத்தாப்பாங் இலையையும் நீரில் ஊறவைக்கலாம். அதிலுள்ள துவர்ப்புப் பொருள் பூஞ்சணத்தை ஓரளவு கட்டுப்படுத்தும். ஆனால் மீனுக்கென்று விற்கும் மருந்துகளைக் கண்ணை மூடிக்கொண்டு ஊற்றாதீர்கள். இந்த உயிரின் தோல் நீரிலுள்ளதை உறிஞ்சிக்கொள்ளும். செம்பு கலந்த மருந்தும், மாலக்கைட் பச்சை கலந்த மருந்தும் மீனைக் காப்பாற்றக்கூடும்; ஆக்சலோட்டலைக் கொல்லக்கூடும்.

சிவந்த திட்டு, உப்பிய வயிறு, ஆழ்ந்த காயம், ஒரு வாரத்துக்கு மேற்பட்ட பட்டினி ஆகியவற்றுக்கு வீட்டு வைத்தியம் வேண்டா. கால்நடை மருத்துவரிடம் போக வேண்டும். எல்லாக் கால்நடை மருத்துவரும் நீர்நில வாழ்வனவற்றைப் பார்ப்பதில்லை. ஆகவே, பார்க்கக்கூடியவர் எந்த ஊரில் இருக்கிறார் என்பதை, உயிரை வாங்கும் முன்னரே தொலைபேசியில் கேட்டு எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். பிணி வந்தபின் தேடினால் காலம் கடந்திருக்கும்.

நோய் வராமல் காப்பதற்கும் சில சொற்கள். வாயைவிடச் சிறிய கற்கள் தொட்டியில் வேண்டா; அடித்தளம் வெறுமையாகவோ, மிக நுண்ணிய மணலாகவோ இருக்கட்டும். இந்த உயிருக்கு இமை கிடையாது. ஆகவே கடும் விளக்கு வேண்டா, ஒளிந்துகொள்ள இடம் வேண்டும். மீன்களோடு சேர்த்து வளர்க்கக் கூடாது. மீன் செவுளைக் கொத்தும், இது மீனை விழுங்கும். இரண்டு குஞ்சுகளைச் சேர்த்து வைத்தால் ஒன்றன் காலை மற்றொன்று கடிக்கும். மண்புழு மிகச் சிறந்த உணவு, பூச்சிக்கொல்லி தெளித்த நிலத்தில் எடுத்ததாக இருக்கக் கூடாது. வாரந்தோறும் கால்பங்கு நீரை மாற்ற வேண்டும். குழாய் நீருக்குக் குளோரின் நீக்கி கட்டாயம். வாளியில் ஓரிரவு வைத்தால் குளோரின் போகலாம், குளோரமின் போகாது.

வழக்கமாகச் சொல்லப்படும் சாக்குகள்

இனி, இத்தனை ஆண்டுகளில் நான் கேட்ட சாக்குகளுக்கு வருகிறேன்.

"விசிறி வைத்திருக்கிறோம், ஐயா." விசிறி நீரை ஆவியாக்கிக் குளிர்விக்கிறது. காற்றில் ஏற்கெனவே ஈரம் மிகுந்திருக்கும் நம் நாட்டில் அதனால் இரண்டு மூன்று பாகைதான் இறங்கும். 30 பாகை 27 ஆகும். 27 பாகையும் துன்பமே. உறைந்த நீர்ப்புட்டிகளை மிதக்க விடுவது ஓர் அவசர உதவி. நாள்தோறும் அப்படிச் செய்தால் நீர் மேலும் கீழும் ஊசலாடும், அந்த ஊசலாட்டமே புது அழுத்தம். குளிர்சாதன அறை என்றால், இரவும் பகலும், நாம் கம்பத்துக்குப் போயிருக்கும் நாளிலும் இயங்க வேண்டும். அதிலும் 18 பாகை வரை இறங்காது. நம் சமவெளியில் சரியான வழி நீர்க்குளிரூட்டி ஒன்றுதான். அது தொட்டியையும் உயிரையும்விடப் பன்மடங்கு விலை, மின்கட்டணம் வேறு. அந்தச் செலவு இயலாதென்றால் அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. இயலாது என்று தெரிந்தும் வாங்குவதில்தான் வெட்கம் இருக்கிறது.

"கை கால் போனாலும் திரும்ப முளைக்கும் உயிராயிற்றே!" உண்மைதான். கால், வால், தண்டுவடம், இதயத்தின் ஒரு பகுதி, மூளையின் ஒரு பகுதி ஆகியவற்றைக்கூட மீட்டுக்கொள்ளும் ஆற்றல் அதற்கு உண்டு. அதனால்தான் அறிவியலாளர்கள் அதன் மரபணுத் தொகுதியை ஆராய்ந்து 2018இல் வெளியிட்டார்கள். ஏறத்தாழ 3,200 கோடி எழுத்துகள், மனிதனுடையதைப்போல் பத்து மடங்கு. ஆனால் இந்த ஆற்றல் நலமான உடலுக்கு, தூய குளிர்நீரில் வேலை செய்வது. அமோனியாவால் வெந்த செவுளும், கிருமி புகுந்த இரத்தமும், கல் அடைத்த குடலும் வெட்டுக்காயங்கள் அல்ல. வெட்டினால் முளைக்கும் உயிர் வெந்தால் பிழைக்கும் என்று எந்தப் பாடநூலிலும் இல்லை.

"அழிந்துவரும் உயிரினம் அல்லவா? வளர்த்தால் காப்பாற்றுகிறோம்." இதுதான் எனக்கு மிகவும் சினமூட்டும் சாக்கு. ஆம், 2006இலிருந்து அது மிக அருகிய இனமாகப் பட்டியலிடப்பட்டுள்ளது. சொச்சிமில்கோவில் 1998இல் ஒரு சதுரக் கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 6,000 இருந்தன. 2014இல் ஏறத்தாழ 36. காரணம் மாசுபட்ட நீர், சுருங்கிய வாழிடம், அங்கே கொண்டுவந்து விடப்பட்ட திலாப்பியா, கெண்டை மீன்கள். நம் வீட்டுத் தொட்டியில் ஒன்று இருப்பதால் அங்கே ஒன்றுகூடக் கூடப் போவதில்லை. உலகெங்கும் ஆய்வுக்கூடங்களிலும் வீடுகளிலும் உள்ளவை பெரும்பாலும் 1860களில் பாரிசுக்குக் கொண்டுசெல்லப்பட்ட 34 உயிர்களின் வழிவந்தவை. 1962இல் அமெரிக்காவில் அவற்றோடு புலிச் சாலமாண்டரின் மரபும் கலக்கப்பட்டது. இவற்றை ஏரியில் விட்டு இனத்தை மீட்க இயலாது. உண்மையான மீட்பு, அங்குள்ள கால்வாய்களைத் தூய்மைப்படுத்தும் வேலை. நம் வேலை, காப்பாற்றுகிறோம் என்ற பெயரில் சாகடிக்காமல் இருப்பது.

"பிள்ளை நல்ல தேர்ச்சி பெற்றான், ஆசைப்பட்டுக் கேட்டான்." 2021இல் யுபிஎஸ்ஆர் தேர்வு நிறுத்தப்பட்டது; தேர்ச்சிக்குப் பரிசு என்னும் வழக்கம் நிற்கவில்லை. பரிசு கொடுங்கள், மறுக்கவில்லை. மிதிவண்டி கொடுங்கள், நூல் கொடுங்கள். உயிரைப் பரிசுப் பொருளாக்கும்போது, உயிரும் பொருளும் ஒன்று என்னும் பாடத்தையும் சேர்த்தே கொடுக்கிறோம்.

ஆசிரியர்களுக்கும் ஒரு சொல்

நம்மையும் விட்டுவைக்க முடியாது. அறிவியல் அறையில் ஒரு தொட்டி இருந்தால் பார்வைக்கு அழகு, அதிகாரிகள் வந்தால் மதிப்பு. பெற்றோர் ஆசிரியர் சங்கம் வாங்கித் தருகிறது. சரி. வெள்ளிக்கிழமை மாலை பூட்டிய அறை திங்கள் காலைதான் திறக்கிறது. ஆண்டிறுதி விடுமுறையில் வாரக்கணக்கில் பூட்டிக் கிடக்கிறது. மின்சாரம் நின்றால் பார்ப்பார் யார்? கூரைத் தகடு காயும் மதியத்தில் அந்த அறையின் சூடு என்ன? இவற்றுக்கு விடை இல்லாத பள்ளியில் ஆக்சலோட்டல் ஒரு கற்றல் துணைப்பொருளன்று. உயிரினங்களுக்கு உணவு, நீர், காற்று, ஏற்ற வாழிடம் தேவை என்று கரும்பலகையில் எழுதிவிட்டு, அந்தப் பலகைக்குக் கீழேயே ஏற்ற வாழிடமில்லாத ஓர் உயிரை வைத்திருப்பது பாடத்துக்கே முரண். மாணவர்கள் பலகையைவிடத் தொட்டியைத்தான் பார்க்கிறார்கள்.

"உயிரை வளர்த்தால்தானே உயிரிரக்கம் வளரும்" என்பார்கள். இந்த வாதத்தில் நியாயம் உண்டு. படத்தைப் பார்த்து இரக்கம் வராது. கையால் இரை போட்டு, நீர் மாற்றி, நலம் விசாரித்துத்தான் வரும். அதனால்தான் சொல்கிறேன், நம் வெப்பத்திலேயே நலமாக வாழும் உயிரைத் தேர்ந்தெடுங்கள். கப்பி மீன் வளர்க்கலாம். ஒரு தொட்டிக்கு ஒரு சண்டைமீன் வளர்க்கலாம். பள்ளித் தோட்டத்தில் கறிவேப்பிலைச் செடியும் எலுமிச்சைச் செடியும் நட்டால் வண்ணத்துப்பூச்சி தானே வந்து முட்டையிடும். புழுவும் கூட்டுப்புழுவும் பறத்தலும் மாணவர் கண்முன் நடக்கும். வாங்கவும் வேண்டா, அடைக்கவும் வேண்டா.

பிள்ளை என்ன கற்கிறான்?

இந்த ஆசை எங்கிருந்து வந்தது என்பதை நாம் அறிவோம். 2021இல் மைன்கிராஃப்ட் விளையாட்டில் ஆக்சலோட்டல் சேர்க்கப்பட்டது. அதன்பின்தான் நம் பிள்ளைகளின் வாயில் இந்தப் பெயர் புழங்கியது. அந்த விளையாட்டில் அடிபட்ட ஆக்சலோட்டல் செத்ததுபோல் கிடந்து நடிக்கும். சிறிது நேரத்தில் நலம் பெற்று எழுந்து நீந்தும். பிள்ளைகளுக்கு அது பெரிய வேடிக்கை.

தொட்டியில் என்ன நடக்கிறது? சூட்டில் தளர்ந்த உயிர் அசையாமல் கிடக்கிறது. "அம்மா, அது நடிக்கிறது" என்கிறான் பிள்ளை. அதன் வாய் இயல்பிலேயே மேல்நோக்கி வளைந்த அமைப்பு. பட்டினி கிடந்தாலும், எரிந்தாலும், செத்தாலும் அந்த வளைவு மாறாது. "பாருங்கள், சிரிக்கிறது" என்கிறோம் நாம். நடிப்பும் இல்லை, சிரிப்பும் இல்லை. துன்பத்தைத் துன்பம் என்று கண்டுகொள்ளாத பழக்கத்தைத்தான் அந்தத் தொட்டியின் முன் பிள்ளை பழகுகிறான். பிறகு ஒருநாள் அது செத்ததும் கழிவறையில் போட்டு நீரை இறைத்துவிட்டு, "அழாதே, வேறொன்று வாங்கலாம்" என்று தேற்றுகிறோம். மூன்றாவது, நான்காவது என்று வாங்கிய வீடுகளும் எனக்குத் தெரியும். அந்தப் பிள்ளைகள் இப்போது அழுவதில்லை. அதை மனவுறுதி என்று எண்ணிப் பெற்றோர் மகிழ்கிறார்கள். எனக்கு அச்சமாக இருக்கிறது.

நாளை வகுப்பில் அழாமல், குரல் எழுப்பாமல், ஒரு மூலையில் சுருண்டு உட்கார்ந்திருக்கும் நண்பனை அந்தப் பிள்ளை கவனிப்பானா? சொல்லத் தெரியாத உயிரின் வலியைப் பார்த்தறியும் பயிற்சிதான் உயிரிரக்கம். அதைக் கற்பிக்க வந்த தொட்டி, நேர்மாறானதைக் கற்பித்துவிட்டுப் போகக் கூடாது.

முடிவாக

வாங்க எண்ணுவோர் மூன்று கேள்விகளுக்கு விடை எழுதிப் பாருங்கள். 18 பாகை நீரை ஆண்டு முழுவதும் தர முடியுமா? உயிர் வருவதற்கு இரண்டு மாதம் முன்பே தொட்டியை ஆயத்தம் செய்யும் பொறுமை உண்டா? அதைப் பார்க்கும் கால்நடை மருத்துவரின் எண் கையில் இருக்கிறதா? ஒன்றுக்கு இல்லை என்றாலும் வாங்காதீர்கள்.

ஏற்கெனவே வளர்ப்போர், இன்றே ஒரு வெப்பமானி வாங்குங்கள். நீர்க்குளிரூட்டிக்கு வழியில்லையென்றால், வழியுள்ள நல்ல வளர்ப்பாளரிடம் ஒப்படையுங்கள். அதனை ஆற்றிலோ கால்வாயிலோ விட்டுவிடாதீர்கள். சூட்டில் அதுவும் சாகும், அதன் கிருமி நம் தவளைகளுக்கும் பரவக்கூடும். ஒப்படைக்கும் நாளில் பிள்ளையையும் அழைத்துச் செல்லுங்கள். "இதற்கு வேண்டியதை நம்மால் தர முடியவில்லை, தர முடிந்தவரிடம் கொடுக்கிறோம்" என்று சொல்லிக் கொடுங்கள். பத்து உயிரை வாங்கிக் கொடுத்தாலும் கற்பிக்க முடியாத பாடத்தை, அந்த ஒரு பயணம் கற்பித்துவிடும்.

மாற்றுக் கருத்துடையோர் தாராளமாக எழுதுங்கள், கற்றுக்கொள்ளக் காத்திருக்கிறேன். எழுதும் முன் உங்கள் தொட்டி நீரின் வெப்பநிலையையும் அளந்து, அதையும் சேர்த்து எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்